கொடி இறங்கிய பின்னும்

1963ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கென்யாவில் பிரித்தானியக் கொடி இறங்கியது; விடுதலைக் கொடி ஏறியது. ஆட்சி அகன்ற அந்நாளில் அதன் விளைவுகளும் அகன்றனவா? கூகி வா தியாங்கோ என்னும் கென்ய எழுத்தாளரின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கூகி 1938இல் லிமுருவுக்கு அருகிலுள்ள காமிரீத்து என்னும் சிற்றூரில் பிறந்தார். வீட்டிலும் வயலிலும் அவர் கேட்டு வளர்ந்த மொழி கிக்கூயு. மாலையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து கதைகள் கேட்டதும் அம்மொழியில்தான். 1952இல் குடியேற்ற அரசு நெருக்கடி நிலையை அறிவித்தபின், பள்ளிகளில் ஆங்கிலமே கோலோச்சியது. பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் பிரம்படி பட்டனர். இழிசொல் பொறித்த தகட்டைக் கழுத்தில் சுமந்தனர். அவர்களைக் கண்டறிந்த முறை அடியினும் கொடியது. ஒரு மாணவனிடம் பொத்தான் ஒன்று கொடுக்கப்படும். தாய்மொழி பேசுவோனைக் கண்டால் அவனிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். மாலையில் பொத்தானை வைத்திருப்பவன், தனக்குத் தந்தவன் பெயரைச் சொல்வான்; அவன் தனக்கு முந்தியவனைச் சொல்வான். இவ்வாறு பிள்ளைகளே பிள்ளைகளுக்கு ஒற்றராயினர். பிரம்பின் தழும்பு ஆறிவிடும். தாய்மொழி நாணத்தக்கது என்னும் எண்ணம் எளிதில் ஆறுவதில்லை.

ஜேம்ஸ் கூகி என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய அவர், பின்னர் ஜேம்ஸ் என்னும் பெயரைத் துறந்தார். 1977இல் அவருடைய இரு படைப்புகள் வெளிப்பட்டன. ஒன்று, விடுதலைக்குப் பிந்தைய ஆளும் வகுப்பாரைக் கடுமையாகச் சாடிய ஆங்கில நாவல். அதற்காக அவர் சிறை செல்லவில்லை. மற்றொன்று, கூகி வா மிரீயுடன் இணைந்து கிக்கூயு மொழியில் எழுதிய நாடகம். காமிரீத்து மக்களே திறந்தவெளி அரங்கைக் கட்டினர், உழவரும் தொழிலாளரும் நடித்தனர், உரையாடல்களையும் திருத்தினர். சில வாரங்களில் அரசு நாடகத்தைத் தடுத்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் கைதான கூகி, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார்.

ஆங்கிலத்தில் எழுதிய கண்டனம் கற்றோர் சிலரின் அலமாரிக்குள் நின்றது. தாய்மொழியில் எழுந்த குரலோ உழவரின் காதுக்கு நேரே சென்றது. ஆட்சியாளர் அஞ்சியது அதற்கே. அவரைச் சிறையிட்டவர் அயலார் அல்லர். விடுதலை பெற்ற நாட்டின் சொந்த அரசினர். விசாரணையின்றி அடைத்துவைக்கும் வழக்கமோ அயலார் கையாண்டது. ஆள்வோர் மாறினர், ஆளும் முறை மாறவில்லை.

சிறையில் தரப்பட்ட கழிப்பறைத் தாளில் கூகி ஒரு நாவலைக் கிக்கூயு மொழியில் எழுதினார். 1980இல் வெளிவந்த அந்நாவல், ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்னும் பெயரில் தமிழுக்கும் வந்துள்ளது. 1982இல் காமிரீத்து அரங்கம் தரைமட்டமாக்கப்பட்டது. அவர் நாட்டைவிட்டு நீங்கி வாழ நேர்ந்தது. எனினும் புதிய புனைகதைகளைத் தாய்மொழியிலேயே படைத்தார். அதனால் அவர் ஆங்கிலத்தைப் பகைத்தவர் ஆகார். தம் நாவல்கள் சிலவற்றைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஒரு மொழியைக் கற்பதற்கு இன்னொரு மொழியை இழப்பதை விலையாகக் கேட்பதையே அவர் எதிர்த்தார்.

கூகி 2025இல் மறைந்தார். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக ஒரு பிள்ளை தலைகுனியும் நாடு எதுவாயினும், அங்கே அந்தப் பொத்தான் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.