ஊசியைப் பார்த்தது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் தன்மைக் கூற்றில் அமைந்த புனைவுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘நான்’ என்று கதை சொல்பவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அன்றைய பேச்சு. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கியபடி வந்து, “ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே ஒரு ஜப்பானிய வீடியோ கேமில் பார்த்திருக்கிறேன்” என்றாள். வீடியோ கேம் என்றதும் எனக்குள் எழுந்த அலட்சியத்தை முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். “விளையாட ஒன்றும் இல்லை ஐயா, முழுக்க வாசிப்புதான்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

‘ஹிகுராஷி நோ நாகு கொரோ நி’ என்பது அதன் பெயர். ஹிகுராஷி கத்தும் பொழுதில் என்று பொருள் கொள்ளலாம். கோடையில் விடியலிலும் அந்தியிலும் கத்தும் ஒருவகைச் சிள்வண்டு ஹிகுராஷி. பாலைப் பாடல்களின் சிள்வீட்டை நினைத்துக்கொண்டுதான் நான் உள்ளே நுழைந்தேன். ஆனால் இது நண்பகல் வெம்மையின் குரலல்ல; பொழுது சாய்வதன் குரல்.

அரசு ஊழியராக இருந்த ஒருவர் ரியூகிஷி07 என்ற புனைபெயரில் எழுதியது இது. டோக்கியோவில் கோடையிலும் குளிர்காலத்திலும் நடக்கும் கோமிக்கெட் என்னும் சுயவெளியீட்டுச் சந்தையில், 2002 ஆகஸ்டில் அதன் முதல் பகுதி குறுந்தகடாக விற்பனைக்கு வந்தது. எட்டாவது பகுதி வந்தது 2006 ஆகஸ்டில். முதல் நான்கும் வினாக்கள். பின் நான்கும் விடைகள். திரையில் மங்கலாக்கப்பட்ட புகைப்படங்கள், அவற்றின்மேல் தேர்ச்சியற்ற கையால் வரைந்த முகங்கள், அவற்றையும் மறைத்துக்கொண்டு எழுத்து. பின்னணியில் சிள்வண்டும் இசையும். ஒவ்வொரு வரியையும் வாசகர் சொடுக்கி வரவழைக்க வேண்டும். கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எதுவும் கிடையாது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலான மாதங்களில் வாசகர்கள் கூடி ஊகிப்பதுதான் அதில் இருந்த விளையாட்டு.

கதை 1983 ஜூனில், ஹினாமிசாவா என்ற கற்பனை மலைக்கிராமத்தில் நடக்கிறது. வைக்கோல் கூரை வீடுகளுக்குப் பெயர்பெற்ற ஷிராகவா-கோ அதன் முன்மாதிரி. நகரத்திலிருந்து குடிவந்த கெயிச்சி என்ற சிறுவனுக்கு ரேனா, மியோன் முதலிய தோழிகள் கிடைக்கிறார்கள். நாள்தோறும் சீட்டாட்டமும் கேலியும். பிறகு அவனுக்குத் தெரியவருகிறது: கடந்த நான்கு ஆண்டுகளாக ஊர்த்திருவிழா இரவில் ஒருவர் இறக்கிறார், ஒருவர் காணாமற்போகிறார். தோழிகள் அதை அவனிடம் மறைத்திருக்கிறார்கள். ஐயம் முளைவிடுகிறது.

இனி, கதையின் முடிச்சை அவிழ்க்காமல் பேச முடியாது. வாசிக்க எண்ணுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பகுதியில், உடல்நலமில்லை என்று வீட்டில் இருக்கும் கெயிச்சிக்குத் தோழிகள் ஓஹாகி கொண்டுவருகிறார்கள். இனிப்புப் பயற்று விழுது பூசிய அரிசி உருண்டை அது. கடித்ததும் உள்ளே ஒரு ஊசி. சில நாட்கள் கழித்து அவர்கள் மருந்தூசியோடு தன்னை நெருங்குவதாகக் கண்டு, இருவரையும் மட்டையால் அடித்துக் கொல்கிறான். பிறகு தானும் சாகிறான். ஆறாவது பகுதியில்தான் நாம் அறிகிறோம்: ஓஹாகியில் இருந்தது காரமான டபாஸ்கோ குழம்பு, மருந்தூசி வெறும் எழுதுகோல். இரண்டும் தோழிகளின் விளையாட்டு. ஊசியைப் பார்த்தது அவனுடைய அச்சம்.

எழுத்தில் இது நியாயமான ஆட்டம். ‘ஊசி’ என்று எழுதியவன் கெயிச்சி; அது அவனுடைய கூற்று. யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்று கேட்டே அகப்பாடல்களைப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் இக்கதை படமாக வரையப்படும்போது என்ன ஆகிறது?

2005 முதல் ஸ்கொயர் எனிக்ஸ் இதழ்களில் மாங்கா வடிவம் வரத்தொடங்கியது. முதல் பகுதி சுஸுராகி காரினிடமும் இரண்டாவது ஹோஜோ யுதோரியிடமும் மூன்றாவது சுஸுகி ஜிரோவிடமும் நான்காவது தோனோகாய் யோஷிகியிடமும் என முதல் நான்கு பகுதிகளும் வெவ்வேறு ஓவியர்களிடம் சென்றன. எனவே ரேனாவின் முகம் ஓவியருக்கு ஓவியர் வேறாக இருக்கிறது. முதலில் இது எனக்கு உறுத்தியது. யோசித்தபோது, இக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான விபத்து நிகழ்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. ஒவ்வொரு பகுதியும் யாரோ ஒருவருடைய ஐயத்தின் வழியாகப் பார்த்த கிராமம்தானே? முகங்கள் ஒன்றுபோல் இருந்திருந்தால்தான் பொய்.

2006 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்த அனிமே வேறு வகைச் சிக்கல். ஸ்டுடியோ டீன் தயாரித்து, கோன் சியாகி இயக்கிய 26 அத்தியாயங்கள். பல மணி நேரம் வாசிக்க வேண்டிய முதல் பகுதி அதில் நான்கே அத்தியாயங்கள். வெட்டப்பட்டவற்றில் பெரும்பங்கு சீட்டாட்டமும் கேலியும். கதைக்குத் தேவையற்றவை என்று தோன்றுபவை அவை. ஆனால் அந்தச் சலிப்பூட்டும் பகல்களில்தான் நமக்கு ரேனாமீது பிரியம் சேர்கிறது. பிரியம் சேராத இடத்தில் ஐயம் வலிப்பதில்லை; வெறுமனே பயமுறுத்துகிறது.

அதைவிடவும் என்னைத் தொந்தரவு செய்தது ஊசி. அனிமேயில் ஊசி நம் கண்முன் இருக்கிறது. அதைக் காட்டுவது கெயிச்சி அல்ல, கேமரா. பிற்பகுதியில் அதே காட்சி ஊசியில்லாமல் திரும்ப வருகிறது. “இது ஏமாற்று வேலை. எழுத்தில் நின்றது படத்தில் நிற்கவில்லை” என்று மாணவியிடம் தீர்ப்புச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “புத்தகம் பொய் சொன்னால் உத்தி என்கிறீர்கள். படம் சொன்னால் மட்டும் ஏமாற்றா ஐயா?” என்று கேட்டாள்.

அன்று பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி மட்டும் பல நாட்கள் கூடவே வந்தது. வாசிக்கும்போது ஊசியை நான் ‘நம்பினேன்’. பார்க்கும்போது ஊசியை நான் ‘கண்டேன்’. நம்பியதற்கு மன்னிப்பு எளிது, அவன் சொன்னான், நம்பினேன் என்று விலகிக்கொள்ளலாம். கண்டதற்கு விலகல் இல்லை. ரேனாமீது வைத்த குற்றத்துக்கு நானும் கண்கண்ட சாட்சி. அனிமே செய்தது ஏமாற்று அல்ல, வாசகருக்கு இருந்த தப்பும் வழியை அடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒலிநாடகக் குறுந்தகடுகளுக்குக் கடைசியாகத்தான் வந்தேன். அனிமேக்கு முன்பே, 2005 முதல் வெளிவந்தவை அவை. அவற்றில் நடித்த ஹோஷி சோயிச்சிரோ, நாகஹாரா மாய் முதலியோர் அனிமேயிலும் அதே பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கதை தெரிந்திருந்ததால் குரல்களின் ஏற்றத்தாழ்வை மட்டும் பிடித்துக்கொண்டு இருட்டில் படுத்தபடி கேட்டேன்.

கெயிச்சி தனியே நடக்கும்போதெல்லாம் பின்னால் யாரோ வருவதுபோல் அவனுக்குத் தோன்றும். அவன் நின்றபிறகும் ஒரு காலடி கூடுதலாக விழும். வாசிக்கும்போது, ஊசியைப்போல் இதுவும் அவன் மனமயக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிற்பகுதிகள் சொல்லும் உண்மை வேறு: அந்தக் காலடி மெய்யானது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஹன்யூ என்பவள் அவன் பின்னால் வந்து, “மன்னித்துவிடு, மன்னித்துவிடு” என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் கண்ணெதிரே கண்டது பொய். யாரும் கேட்காத ஓசை மெய். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. கெயிச்சிக்குக் காது பொய் சொல்லவில்லை. அவன் செய்யாதது மூன்றாவதை மட்டும்தான். “ஓஹாகியில் என்ன வைத்தீர்கள்?” என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

இதை எழுதும்போது ஒரு நண்பரின் நினைவு வருகிறது. என்மீது மொட்டைக்கடிதம் ஒன்று போயிருந்த நாட்கள் அவை. ஒருநாள் நான் அறைக்குள் நுழைந்ததும் அவர் கையிலிருந்த தாளை அவசரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் கண்டது. மூன்று ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. அந்தத் தாள் அவருடைய மருத்துவப் பரிசோதனை அறிக்கை என்பது பின்னர் வேறொருவர் சொல்லித் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஆறாவது பகுதியில் கெயிச்சிக்கு வேறோர் உலகில் தான் செய்த கொலை நினைவுக்கு வருகிறது. அந்தக் குற்றம் இந்த உலகில் நடக்கவே இல்லை. ஆயினும் எதிரே உயிரோடு நிற்கும் தோழிகளிடம் அழுது மன்னிப்புக் கேட்கிறான். எட்டுப் பகுதிகளுக்கும் உயிர்நிலை இந்தக் காட்சி என்பேன். எழுத்தில் இருந்த இதன் வலிமை மாங்காவிலும் அனிமேயிலும் சேதமின்றி வந்திருக்கிறது. காரணம் எளிது. இங்கே ஊசி இல்லை; காட்டவேண்டியது ஒரு முகம் மட்டுமே.

2020 அக்டோபரில் பாசியோன் நிறுவனம் புதிய அனிமே ஒன்றைக் கொண்டுவந்தது. பழையதன் மறுஆக்கம் என்று எண்ணவைத்து, இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில்தான் ‘கோ’ என்ற புதுப்பெயரை வெளிப்படுத்தியது. அதில் கெயிச்சி பாடம் கற்றவனாக இருக்கிறான். ஐயத்தை உதறிவிட்டு ரேனாவை வீட்டுக்குள் அனுமதிக்கிறான். ரேனா கத்தியால் குத்துகிறாள். இந்தமுறை கத்தி மெய். ஊசி பொய் என்று தெரிந்துகொண்டவர்களின் தெளிவையே அது பொறியாக்கிவிட்டது.

மாணவியிடம் இதைச் சொல்லி, “அப்படியென்றால் நம்பியது தவறா?” என்று கேட்டேன். “இல்லை ஐயா. அங்கேயும் அவன் விசாரிக்கவில்லை” என்றாள்.

நண்பரின் புதிய எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.