நெருப்பு அணைந்த பின்

தவக்காலத்தில் ஒரு நாள், பெரம்பலூரிலிருந்து ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குப் புறப்பட்டேன். அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையோர மரங்கள் வெளுத்துத் தோன்றின. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பிய தூசி அது. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருந்த என் மீதும் அது படிந்தது. வெள்ளை அங்கி அணிந்தவனுக்கு அதனால் நட்டமில்லை!

அரியலூரில் வண்டி மாறிக் கீழப்பழுவூர் வழியாகத் திருமானூரை அடைந்தேன். அங்கிருந்து மேற்கே கொள்ளிடக் கரையோரமாகச் சென்றால் திருமழபாடி. அதன் பக்கத்துச் சிற்றூர் விரகாலூர். 2023 அக்டோபர் 9ஆம் நாள், தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்த வேளையில், அங்கிருந்த பட்டாசுத் தயாரிப்புக் கூடம் வெடித்துத் தீப்பற்றியது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூரின் பெயரைக் கேட்டதும் அவர்களுக்காகச் செபித்தேன். செபத்தினூடே வேறொரு நினைவும் என்னை வருத்தியது.

நெருப்பு அணைந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணுகிறோம். பட்டாசுக் கூடத்தின் இடிபாட்டிலோ வெடிக்காத மருந்து மண்ணோடு கலந்து கிடக்கும். மண்வெட்டி ஒரு கல்லில் உரசினாலே போதும். நீரூற்றினால் அடங்கிவிடும் என்றும் நம்பி இருக்க இயலாது. மருந்திலுள்ள அலுமினியத் தூள் ஈரத்தில் மெல்லச் சூடேறி, எரியும் வாயுவை வெளியிடக்கூடியது. எனவே அதனை அகற்றுவது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் இறந்த முப்பதுக்கும் மேற்பட்டோரில், உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய ஊரார் பலர்.

என்னை வருத்திய நினைவு இதுதான். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பங்கில் குடிசைகள் சில எரிந்துபோயின. மறுநாள் பூசை முடிந்ததும் இளைஞர்களை அழைத்து, “நாமே துப்புரவு செய்வோம்” என்றேன். அவர்கள் வெறுங்காலோடு, உலர்ந்த சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். வெந்து வெடித்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளைச் சம்மட்டியால் நொறுக்கி, கூடையில் அள்ளி, ஏரிக்கரையில் கொட்டினார்கள். நானும் கூடை சுமந்தேன். எங்களுக்கு அது அன்புப் பணியாகவே தோன்றியது.

அத்தகட்டிலுள்ள கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது; நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோயைத் தர வல்லது. இதனைப் பின்னர்தான் படித்தறிந்தேன். அவ்விளைஞர்களில் ஒருவர் இன்றும் என்னோடு தொலைபேசியில் பேசுவதுண்டு. பேச்சினிடையே அவர் இருமினால் என் நெஞ்சு துணுக்குறுகிறது.

1983 பிப்ரவரி 16, சாம்பற் புதனன்று, ஆஸ்திரேலியாவில் மூண்ட காட்டுத் தீயில் 75 பேர் இறந்தனர். அத்தீக்கு அப்புனித நாளின் பெயரே நிலைத்துவிட்டது. அந்நாட்டில் இப்போதெல்லாம் வீடு எரிந்தோர் சாம்பலைக் கிளற வேண்டாமென அறிவுறுத்தப்படுகின்றனர். சோதனை நடந்த பின்னரே, முகக்கவசமும் கையுறையும் பூண்டோர் நீரை மெல்லத் தெளித்து, கழிவைக் கனத்த பிளாஸ்டிக் உறைகளில் கட்டி அகற்றுகின்றனர். பூச்சி அரிக்காதிருக்க ஆர்செனிக் ஏற்றிய மரம் எரிந்த சாம்பலில் அந்நஞ்சு எஞ்சியிருப்பதால், அதைத் தோட்டத்தில் இடுவதுமில்லை. நம் வயல்களுக்கு வைக்கோற் சாம்பல் நல்ல உரம்; வண்ணம் பூசிய கதவின் சாம்பலும் பிளாஸ்டிக் குடத்தின் சாம்பலும் உரமல்ல. ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியோடு கல்நார் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் அத்தகடு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது; ஓலைக்கு அடுத்தபடி ஏழைக்கு எட்டும் கூரை அதுதானே!

வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் போற்றிய ஏலாக்குறிச்சியை நண்பகலில் அடைந்தேன். அன்னையின் திருமுன் அந்த இளைஞர்களின் பெயர்களை, நினைவில் நின்றவரை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரவேயில்லை.

திரும்பும்போது அரியலூர்க் கடைத்தெருவில் இறங்கி, பங்கில் வைத்திருக்க முகக்கவசங்களும், தடித்த கையுறைகளும், சாம்பலை நனைக்க முதுகில் மாட்டும் புதிய கைத்தெளிப்பான் ஒன்றும் வாங்கினேன். பணத்தை எண்ணிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “சாமி என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள்?”