தூரம் ஒரு சாக்கு அல்ல
(ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலையில் ஒரு பயணம்)



ஆஸ்திரேலியா என்றவுடன் சிட்னியின் பாலமும் மெல்போர்னின் கிரிக்கெட் மைதானமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்தேசத்தின் பெரும்பகுதி, கடலோர நகரங்களுக்கு அப்பால், செம்மண்ணும் புதர்க்காடுமாக விரிந்து கிடக்கிறது. அதனை அங்குள்ளவர்கள் 'அவுட்பேக்' என்று அழைக்கின்றனர். 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் அந்த உள்நாட்டை ஒரு கேம்பர் வேனில் சுற்றிப் பார்க்கும் சிலாக்கியத்தைக் கர்த்தர் எங்களுக்குத் தந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளேயே அமைந்த வண்டி அது. அடிலெய்டு நகரில் புறப்பட்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 1,500 கி.மீ. தூரம் சென்றோம். ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் இதமான வெயில். இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்.

இவ்வழியில் நாங்கள் கண்ட பயணிகளில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற முதியவர்களே. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின், வீட்டைப் பூட்டிவிட்டு, கேரவனைக் காரின் பின்னே இணைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிற தம்பதியர் அவர்கள். 'நரைமுடி நாடோடிகள்' என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயரும் அவர்களுக்கு உண்டு. வனாந்தரத்தின் நடுவே இத்தனை முதியவர்கள் எப்படி அச்சமின்றிப் பயணம் செய்கிறார்கள் என்று நான் வியந்தேன். அதற்கு அந்தச் சாலையே எனக்கு விடை சொன்னது.

சாலையின் சட்டம்

அடிலெய்டிலிருந்து சுமார் 300 கி.மீ. தூரத்தில் உள்ள போர்ட் அகஸ்டாவில் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே டார்வின் வரை ஏறக்குறைய 2,700 கி.மீ. நீளமுள்ள சாலை இது. 1862-ம் ஆண்டில் தெற்கிலிருந்து வடகடல் வரை கண்டத்தைக் கடந்த ஜான் மெக்டூவல் ஸ்டுவர்ட் என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிளெண்டாம்போ என்னும் சிற்றூரைக் கடந்தால், அடுத்த ஊராகிய கூபர் பீடி வரை சுமார் 250 கி.மீ. தூரத்திற்கு ஊர் ஏதும் இல்லை. எங்கள் வாலிப நாட்களில் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினால், மதுரைக்குள் எத்தனை ஊர்கள், எத்தனை தேநீர்க் கடைகள்! இங்கேயோ சாலையும் வானமும் மட்டுமே.

அச்சாலைக்குச் சில எழுதப்படாத சட்டங்கள் உண்டு. குடிநீரைத் தேவைக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லவேண்டும். சூரியன் சாய்ந்தபின் ஓட்டக்கூடாது; கங்காருக்களும் மாடுகளும் சாலையில் வந்து நிற்கும். ஐம்பது மீட்டருக்கும் அதிக நீளமுள்ள 'ரோடு டிரெயின்' லாரிகளுக்கு வழிவிட்டு நிற்கவேண்டும். வண்டி பழுதானால் அதை விட்டு அகலக்கூடாது. உதவி தேடி நடந்துபோனவர்கள் வெயிலில் மடிந்திருக்கிறார்கள், வண்டியோடு இருந்தவர்களையே தேடி வந்தோர் எளிதில் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றிற்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு: சாலையோரத்தில் ஒருவர் நின்றால், விசாரிக்காமல் கடந்து போகக்கூடாது.

வண்டியின் சூட்டைத் தணிக்க ஒருமுறை நாங்கள் ஓரமாக நின்றோம். பதினைந்து நிமிடத்திற்குள் மூன்று வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. மூவருமே கட்டைவிரலை உயர்த்தி, நலமா என்று சைகையால் கேட்டு, எங்கள் பதிலைப் பெற்ற பின்னரே அகன்றார்கள். லூக்கா 10-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன எரிகோ சாலையின் உவமையை நாம் எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! அங்கே ஆசாரியன் விலகிப் போனான், லேவியனும் விலகிப் போனான். இங்கே லாரி ஓட்டுநர் நின்றார்.

விமானம் இறங்கும் சாலை

அதே நெடுஞ்சாலையில், மனித நடமாட்டமே இல்லாத ஓரிடத்தில், சாலை திடீரென அகலமாகிறது. தரையில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் விமானப் படம் வரைந்த பலகை. அவசர காலத்தில் பறக்கும் மருத்துவர்களின் விமானம் நெடுஞ்சாலையிலேயே இறங்குவதற்கான இடம் அது. எவருக்கு எப்போது தேவைப்படும் என்று அறியாமலே, ஒருநாள் வரக்கூடிய ஒரு நோயாளிக்காக யாரோ முன்கூட்டியே அந்தக் கோடுகளைத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

கூபர் பீடியில் ஓரிரவு தங்கினோம். 1915-ம் ஆண்டு முதல் ஓப்பல் என்னும் இரத்தினக்கல் அங்கே தோண்டி எடுக்கப்படுகிறது. கோடை வெப்பத்திற்குத் தப்ப மக்கள் பூமிக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். ஆலயங்களும் பூமிக்குள்ளேயே உண்டு. கன்மலையைக் குடைந்த ஓர் ஆலயத்தில் நாங்கள் இருவரும் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். மறுநாள் 690 கி.மீ. தூரம் கடந்து, இருட்டுமுன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து சேர்ந்தோம்.

ஒரு போதகரின் பாரம்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் நடுவே 1956-ல் திறக்கப்பட்ட ஒரு நினைவாலயம் இருக்கிறது. ஜான் ஃபிளின் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகரின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் முகம் பதிந்திருக்கும் போதகர் அவர்.

அவர் 1912-ம் ஆண்டில் உள்நாட்டு மிஷன் ஊழியத்தைத் தொடங்கினார். மனைவியின் பிரசவத்திற்கோ, குதிரையிலிருந்து விழுந்தவரின் முறிந்த எலும்பிற்கோ வாரக்கணக்கில் பயணம் செய்தாலன்றி மருத்துவர் கிடையாத நாட்கள் அவை. 1917-ம் ஆண்டில், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்ஸ் கிரீக் பகுதியில் ஜிம்மி டார்சி என்னும் மாடு மேய்ப்பவர் படுகாயமடைந்தார். அவ்வூரின் தபால் அதிகாரி, இரண்டாயிரம் கி.மீ.க்கு அப்பால் பெர்த் நகரில் இருந்த மருத்துவரிடம் தந்தி மூலம் கேட்டுக் கேட்டு, ஒரு பேனாக்கத்தியால் அறுவை சிகிச்சை செய்தார். மருத்துவரும் கப்பலிலும் காரிலுமாகப் புறப்பட்டு வந்தார். ஆனால் அவர் வந்து சேருமுன்னே டார்சி இறந்துபோனார்.

அதே ஆண்டில், போர் விமானியாகச் சேர்ந்த கிளிஃபர்ட் பீல் என்னும் மருத்துவ மாணவர், நோயாளிகளிடம் மருத்துவரை விமானத்தில் அனுப்பலாமே என்று ஃபிளினுக்குக் கடிதம் எழுதினார். அவர் 1918-ல் போரில் மாண்டார். தம் யோசனை நிறைவேறியதை அவர் காணவில்லை. ஃபிளின் அக்கடிதத்தை விட்டுவிடவில்லை. பத்து ஆண்டுகள் பணம் திரட்டினார், ஆட்களைத் தேடினார். 1928-ம் ஆண்டு மே 17-ம் தேதி, குவீன்ஸ்லாந்தின் கிளான்கரி என்னும் ஊரிலிருந்து முதல் பறக்கும் மருத்துவர் விமானத்தில் புறப்பட்டார்.

ஆயினும், மருத்துவரை அழைப்பது எப்படி? மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் 1929-ல், சைக்கிளைப் போல் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலியை அமைத்துத் தந்தார். குறித்த நேரத்தில் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் அதன்முன் அமர்ந்தார்கள். 1942 முதல் மருந்துப் பெட்டிகளும் வழங்கப்பட்டன. அவற்றில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். மருந்தின் பெயரைப் படிக்கத் தெரியாதவரிடமும் மருத்துவர் தூரத்திலிருந்து, இன்ன எண்ணுள்ள மாத்திரையைக் கொடுங்கள் என்று சொல்லமுடியும். அந்த மருந்துப் பெட்டியை நான் நெடுநேரம் நின்று நோக்கினேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அருகில் இருப்பவரின் தூரம்

நகரிலிருந்து மேற்கே ஏழு கி.மீ. தூரத்தில் ஃபிளினின் கல்லறை உள்ளது. அவர் 1951-ல் மரித்தபின், அவரை மதித்தவர்கள் வடக்கே கார்லு கார்லு என்னும் இடத்திலிருந்து பெரிய உருண்டைப் பாறை ஒன்றைக் கொண்டுவந்து கல்லறையின்மேல் வைத்தார்கள். அவ்விடமோ அங்குள்ள பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புனிதமாய்க் கருதிய இடம். அவர்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை. நெடுநாள் வேண்டுகோளுக்குப் பின், 1999-ம் ஆண்டில் அப்பாறை அதன் இடத்திற்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெர்ண்டே மக்கள், போதகரின் கல்லறைக்கெனத் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு கல்லை மனமுவந்து தந்தார்கள்.

தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை, பிரியமானவர்களே. விமானம் அனுப்பித் தூரத்தை வென்றவர்களுக்கும், அருகே வாழ்ந்த பூர்வகுடியினர் தூரமாகவே இருந்தார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் தூரம் சற்றே குறைந்தது. சகேயுவின் வீட்டிற்கு இரட்சிப்பு வந்த நாளிலும் திருப்பிக் கொடுத்தல் இருந்ததல்லவா?

மேலும் மேற்கே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 130 கி.மீ. தூரத்தில் ஹெர்மன்ஸ்பர்க் உள்ளது. ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரிகள் 1877-ல் நிறுவிய மிஷன் ஊர் அது. 1894 முதல் அங்கே ஊழியம் செய்த கார்ல் ஸ்ட்ரேலோ, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் மொழியிலேயே ஆராதனைப் புத்தகத்தை உண்டாக்கினார். 1922-ம் ஆண்டில் அவர் கடும் நோயுற்றபோது பக்கத்தில் மருத்துவர் இல்லை. மனைவியும் பதினான்கு வயது மகனும் உடன்வர, குதிரை வண்டியில் தெற்கே இரயில் நிலையத்தை நோக்கிக் கொண்டுபோனார்கள். வழியில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்னும் இடத்தில் அவர் மரித்தார். முதல் பறக்கும் மருத்துவர் புறப்பட இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அவர் விதைத்தது மரிக்கவில்லை. அந்நிலப்பகுதியின் பூர்வகுடிப் பெண்கள் இன்றும் தங்கள் தாய்மொழியில் அக்கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். 2015-ம் ஆண்டில் அவர்களுடைய பாடகர் குழு ஜெர்மனிக்கே சென்று பாடியது. பிற மாநில நகரங்களில், வாடகைக் கூடங்களில் தமிழில் பாடி ஆராதிக்கிற நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

தனியே வீடு திரும்பும் நாள்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கேரவன் பூங்காவில் எங்களுக்கு அருகே ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியர் தங்கியிருந்தனர். கணவருக்கு வயது 74. இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மனைவிக்கு வயது 70. ஒரு வாரம் அவர் ஓட்டினால் மறுவாரம் அம்மையார் ஓட்டுவார். ஓட்டாதவர் சமைக்கவேண்டும், கணக்கு எழுதவேண்டும். கேரவனைப் பின்னோக்கிச் செலுத்தும் கடினமான வேலையை அம்மையார் தமது 66-ம் வயதில் கற்றுக்கொண்டாராம். இந்த வயதில் இது எதற்கு என்று என் மனைவி கேட்டார். எங்களில் ஒருவர் ஒருநாள் இந்த வண்டியைத் தனியாகத்தான் வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று அந்த அம்மையார் அமைதியாகச் சொன்னார்.

அதில் பயம் இல்லை, அவிசுவாசமும் இல்லை. தமக்குப் பின் தம் துணை வழியில் நின்றுவிடக் கூடாது என்ற அன்பே இருந்தது. சிலுவையின் வேதனையிலும் நம் ஆண்டவர் தம் தாயை யோவானிடம் ஒப்புவித்தாரே, அதுவும் இப்படிப்பட்ட அன்பல்லவா? அன்றிரவு என் மனைவி வங்கிக் கணக்கின் விவரங்களை என்னிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் கஞ்சி வைக்கும் பக்குவத்தை அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

நமக்கு ஒரு வார்த்தை

பிரியமான வாசகரே, நம்மில் அநேகர் பிழைப்பிற்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்தவர்கள். ஊரில் வயது சென்ற தகப்பனும் தாயும் தனித்திருக்கிறார்கள். வேலையை விட்டு எப்படிப் போவது, தூரமாயிற்றே என்று நாம் சொல்லுகிறோம். தூரம் உண்மைதான். ஆனால் அது கைவிடுவதற்குச் சாக்கு ஆகாது என்பதை அந்த வனாந்தரம் எனக்குக் காட்டிற்று.

அந்த மருந்துப் பெட்டியை ஏன் நெடுநேரம் நோக்கினேன் என்று இப்போது சொல்கிறேன். இம்முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவின் மாத்திரைகளை ஒரு பெட்டியில் அடுக்கி ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எண் இடுங்கள். அதே பட்டியலின் பிரதி உங்களிடமும் இருக்கட்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும், மூன்றாம் எண் மாத்திரை என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னால் அம்மா எடுத்துக்கொள்வார். நாள்தோறும் ஒரே நேரத்தில் அழையுங்கள். அந்த நேரத்தில் பதில் வராவிட்டால் உடனே ஓடிப்போய்ப் பார்க்கும்படி பக்கத்து வீட்டார் ஒருவரையும், உள்ளூர்ச் சபையின் சகோதரர் ஒருவரையும் ஏற்படுத்தி வையுங்கள். கணவன்மாரே, உங்கள் மனைவிக்குக் கணக்கு வழக்குகளைக் காட்டிக்கொடுங்கள். மனைவிமாரே, உங்கள் கணவருக்கு அடுப்படியைக் கற்றுக்கொடுங்கள். பணி ஓய்வு பெற்ற பெற்றோரே, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது பாக்கியமே. ஆயினும் நீங்கள் இருவரும் சேர்ந்து செல்லவேண்டிய பயணம் ஏதேனும் மீதி இருந்தால், பெலன் உள்ளபோதே புறப்படுங்கள்.

எரேமியா 23-ம் அதிகாரம், நம் தேவன் சமீபத்திற்கு மாத்திரமல்ல, தூரத்திற்கும் தேவன் என்று நமக்கு அறிவிக்கிறது. வனாந்தரத்தில் அழுத ஆகாரை அவர் கண்டார். அவளருகே ஒரு துரவையும் காண்பித்தார். அவரை ஆராதிக்கிற நாமும் தூரத்தில் இருப்போரைக் காண்கிறவர்களாய் இருப்போம். வழியில் நிற்பவரை விசாரிக்காமல் கடந்து போகாதிருக்கக் கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.