பீங்கான் விழக் கூடாது

கம்மாபுரத்தில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கத் தொடங்கியதும் பெரியப்பா பரண் கட்டிவிடுவார். நாலு சவுக்குக் கழி, மேலே பனை மட்டை, சுற்றிலும் மறைப்புக்குச் சோளத் தட்டை. நரி வந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடியைப் பறித்துப் போடும். பன்றி புகுந்துவிட்டால் விடிவதற்குள் பாதிக் கொல்லையை உழுதுவிடும். அறுபதுகளின் கடைசி அது. நெய்வேலிச் சுரங்கத்து வெளிச்சம் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும். ராக்காவலுக்குக் கிளம்பும்போது எனக்கும் ஒரு போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். இன்னொரு தோளில் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய ஒத்தைக் குழல் துப்பாக்கி.

பெரியப்பா வாலிபத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்தவர். அன்று அது சேலம் ஜில்லா. வேட்டைக்கு வருகிறவர்களுக்குப் பரண் கட்டிக் கொடுப்பதும் ராத்திரி கூடவே உட்கார்வதும் அவர் பிழைப்பு. சிறுத்தைக்குப் பரண் கட்டுவது தனி வேலை என்பார். மரமேறுகிற பிராணி, அதனால் அண்ணாந்து பார்க்கும். நேற்று ஒடித்து வைத்த தழை இன்றைக்கு வாடித் தொங்கினால் அங்கே ஆள் இருக்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிடும். பொழுதிருக்கவே மேலே ஏறிவிட வேண்டும். பீடி கூடாது, இருமல் கூடாது, கொசுவை அடிக்கக் கூடாது. அது வருகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தால் கேட்கவே கேட்காது. காய்ந்த சருகின் மேலும் ஓசைப்படாமல் வந்து நிற்கும்.

துப்பாக்கியின் குதிரையைச் சத்தமில்லாமல் தூக்குவதை அவர்தான் காட்டினார். சும்மா இழுத்தால் ‘டக்’ என்று கேட்கும். அமைதியான ராத்திரியில் அந்த ஒரு சத்தம் போதும், சிறுத்தை போய்விடும். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குதிரையைக் கடைசிவரை இழுக்க வேண்டும். பிறகு விசையை விட்டுவிட்டு, குதிரையை மெதுவாக விட்டால் ஓசையே எழாமல் போய் உட்காரும். தோட்டா இல்லாத துப்பாக்கியில் நானும் பழகினேன்.

அதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கழித்துப் போட்ட ஃபியூஸ் கட்டைகளைப் பிள்ளைகள் நாங்கள் விளையாடப் பொறுக்கி வருவோம். அதில் தட்டையான துண்டு ஒன்றைப் பெரியப்பா எடுத்து, குழலின் நுனியில் வைப்பார். சுட்டுத் தீர்ந்த தோட்டாவை உள்ளே போட்டுக் கையில் கொடுத்து, விசையை இழுக்கச் சொல்வார். குதிரை விழ வேண்டும், பீங்கான் விழக் கூடாது.

“விசைய வெடுக்குன்னு இழுக்காத சாமி. மூச்ச பாதி வுட்டுட்டு நிறுத்து. வெரல மட்டும் அழுத்து. எப்ப வெடிச்சிதுன்னு ஒனக்கே தெரியக் கூடாது.”

வெள்ளைப் பீங்கான் துண்டு நிலா வெளிச்சத்தில் குழலின் மேல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் கையில் இல்லை, ஆசையில் இருக்கிறது என்பார் பெரியப்பா. சுட்டுவிட வேண்டும் என்கிற அவசரம் அடங்கினால் கையும் அடங்கும்.

சிறுத்தையின் உடம்பில் குண்டு படவேண்டிய இடம் ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே. அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். எதிர்முகமாக நிற்கும்போதோ, நகரும்போதோ, தழை மறைக்கும்போதோ சுட்டால் காயம்தான் படும். காயம்பட்ட சிறுத்தையைத் தேடிப் புதருக்குள் போகிறவன் சுட்டவனாக இருக்க மாட்டான், கூலிக்கு வந்தவனாக இருப்பான். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரல் கம்மிவிடும்.

அவர் சொன்னதை ஒரு ராத்திரி கண்ணால் பார்த்தேன். நிலாவில் கரிய பன்றி ஒன்று வரப்பேறி எங்களை நோக்கி நேராக நின்றது. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அது செடிக்குள் இறங்கிக் கிளறியது, பரணுக்குப் பின்னால் போய் மறைந்தது. போயேவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது. வெகுநேரம் கழித்து மறுபக்கமாக வந்து திரும்பி நின்றபோதுதான் வெடி கேட்டது. சில எட்டு ஓடிச் சாய்ந்தது. நான் இறங்கப் போனேன். “குந்து” என்றார். அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டு, சத்தம் முழுதாக அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டார். பிறகுதான் அரிக்கேன் விளக்கோடு இறங்கினார். செத்த பன்றியின் விலாவில் கையை வைத்துப் பார்த்து, “வலி தெரிஞ்சிருக்காது” என்றார். காப்பாற்றிய மல்லாட்டையைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை.

வளர்ந்தபின், ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டைப் படித்தபோது பெரியப்பாவின் பாடம் முழுவதும் அங்கே இருந்தது. 1918 முதல் 1926 வரை ருத்ரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கில் ஏறிய சிறுத்தைக்காக, யாத்திரைச் சாலையோரம் ஒரு மாமரத்தில் இரவிரவாகக் காத்திருந்தார் கார்பெட். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. 1926 மே மாதத் தொடக்கத்தில் அந்த மணி குலுங்கியது. டார்ச்சை அழுத்தினார். வெளிச்சம் விழுந்த இடத்தில் சிறுத்தையின் தோள். ஒரே குண்டு. டார்ச்சும் அணைந்துவிட்டது. பட்டதா இல்லையா என்று தெரியாத அந்த இருட்டிலும் அவர் இறங்கி ஓடவில்லை. விடிந்து பார்த்தால், சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தில் சிறுத்தை இறந்து கிடந்தது. ஆடு பிழைத்திருந்தது. 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கதை இதன் மறுபுறம். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அதன் வாயில் வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடி வந்தது என்று கார்பெட் எழுதினார். பொறுக்காமல் ஒருவன் இழுத்த விசைக்கு ஊர் ஊராக மற்றவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிறுத்தை வேட்டை அந்தச் சட்டப்படி குற்றம். அது நியாயம், அப்படியே இருக்க வேண்டும். ஆனால் பெரியப்பாவின் நிதானத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2024 ஜனவரியில் நீலகிரி பந்தலூரில் ஒரு குழந்தையைக் கொன்ற சிறுத்தையை வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊசி தொடைச் சதையிலோ தோள் சதையிலோ ஏற வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டால் பிடிக்க வந்த விலங்கே செத்துப்போகலாம். மருந்து ஏறவும் நிமிடங்கள் ஆகும். அதுவரை அதை மிரளவிடக் கூடாது.

சிறுத்தை ஊருக்குள் வந்தது என்றால் இன்று நூறு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், கூரை மேல் ஏறிக் கத்துகிறோம். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு கால்நடை மருத்துவர் மூச்சைப் பாதியில் நிறுத்திக் குறி பார்க்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான். பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, தெருவைக் காலி செய்து, வாயை மூடிக்கொண்டு இருப்போம். சிறுத்தையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.