பக்கத்துல ஒருத்தர் நின்னா போதும்!

புது செல்போன் வாங்கினதும் டப்பாவுக்குள்ள ஒரு குட்டிப் புத்தகம் இருக்குமே... அதை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? கை தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம், ஒருத்தரும் இல்லை! ஆனா, போனை நோண்டி, எதையோ அமுக்கி, பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட ‘மச்சி, இது எப்படிடா?’ன்னு கேட்டு, ஒரே வாரத்துல அதுல கில்லாடி ஆயிடறோம் இல்லையா? பெரியவங்க படிக்கிற விதமே இதுதாங்க. ‘பெரியவங்க’ன்னா தாத்தா, பாட்டி இல்லை. ஓட்டு போடற வயசு வந்துட்ட நீங்களும்தான்!

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-கள்லயே இதைப் பத்தி விலாவாரியா எழுதி வெச்சிருக்கார். ‘ஆண்ட்ரகாஜி’ன்னு வாய்ல நுழையாத பேர்ல அதைப் பிரபலப்படுத்தினவர் அவர். விஷயம் என்னவோ சிம்பிள்தான். வளர்ந்தவங்களுக்கு ‘இது எனக்கு எதுக்கு?’ங்கிற கேள்விக்கு முதல்ல பதில் தெரியணும். ஏற்கெனவே வாழ்ந்த அனுபவத்தோட பாடம் ஒட்டணும். கண் முன்னாடி இருக்கிற ஒரு பிரச்னையைத் தீர்க்க அது உதவணும். எல்லாத்துக்கும் மேல, ‘நீ ஒண்ணும் தெரியாத மக்கு’ன்னு யாரும் நம்மளை நடத்தக் கூடாது. (பிற்பாடு நோல்ஸே, ‘இது சின்னவங்க, பெரியவங்கன்னு கோடு போட்டுப் பிரிக்கிற சமாச்சாரம் இல்லை’ன்னு கொஞ்சம் இறங்கி வந்தார். அது தனிக் கதை!)

நான் ஒரு மெடிக்கல் காலேஜ்ல பாடம் எடுக்கிற பார்ட்டி. ‘ஐயையோ, டாக்டரா? அட்வைஸா?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நான் படிச்ச கதையைச் சொல்றேன், கேளுங்க.

முதல் வருஷம் அனாடமில ‘பிரேக்கியல் பிளெக்ஸஸ்’னு ஒண்ணு வரும். கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்புக் கூட்டம். பார்க்க ரயில்வே ஜங்ஷன் மேப் மாதிரியே இருக்கும். எங்க செட்டுல ராத்திரி பூரா வரைஞ்சு வரைஞ்சு மனப்பாடம் பண்ணாதவங்க கிடையாது. எக்ஸாம் முடிஞ்ச மறு வாரம் கேட்டா, அத்தனை பேருக்கும் மண்டை காலி!

அப்புறம் வார்டுக்குப் போன காலம். ஒரு நாற்பது வயசுக்காரர் வந்தார். கல்யாண வீட்டுல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தபடியே, கையை சேரோட முதுகு மேல தொங்கப் போட்டுத் தூங்கியிருக்கார். விடிஞ்சு பார்த்தா மணிக்கட்டைத் தூக்க முடியலை. துவண்டு தொங்குது. பக்கவாதம்தான்னு அவரே முடிவு பண்ணிட்டார். பக்கத்துல அவர் சம்சாரம் அழுதுட்டு நிக்கறாங்க.

எங்க சீஃப் பாடம் எதுவும் நடத்தலை. முகம், கால் எல்லாத்தையும் சோதிச்சுட்டு எங்களைப் பார்த்தார். “தம்பி, முழங்கையை நீட்டச் சொல்லு.” சொன்னேன். அவர் சுலபமா நீட்டினார். “சரி, நரம்பு எந்த இடத்துல நசுங்கியிருக்கு?” கேட்டுட்டு சும்மா நின்னார். அவசரப்படுத்தலை, முறைக்கலை. முழங்கையை நீட்டற தசைக்குப் போற கிளைகள் மேலேயே பிரிஞ்சிடும். முழங்கை நீளுது, மணிக்கட்டு நிமிரலை. அப்படின்னா அந்தக் கிளைகளுக்குக் கீழே! “மேல்கை எலும்பைச் சுத்திக்கிட்டு ரேடியல் நரம்பு போகுதே, அந்த இடம் சார்!” சீஃப் சிரிச்சார். “அப்போ பக்கவாதம் இல்லை, சில வாரத்துலயோ மாசத்துலயோ பெரும்பாலும் சரியாயிடும்னு நீயே அவங்ககிட்ட சொல்லு.” சொன்னேன். அந்த அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க. இன்னிக்கு என்னை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் அந்த நரம்போட ரூட்டை வரைஞ்சு காட்டுவேன். ராத்திரி முழிச்சுப் படிச்சு ஏறாதது, ரெண்டே கேள்வியில ஏறிடுச்சு.

இந்த ஐடியாவை ஊரறியச் செஞ்சு காட்டினவர் வில்லியம் ஆஸ்லர். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறந்துச்சு, அதோட மருத்துவக் கல்லூரி 1893-ல். அங்கே மாணவர்களை லெக்சர் ஹால்லேர்ந்து எழுப்பி, நோயாளியோட கட்டில் பக்கத்துல கொண்டு போய் நிறுத்தினார் ஆஸ்லர். தன் கல்லறையில என்ன எழுதணும்னு அவர் ஆசைப்பட்டது என்ன தெரியுமா? வார்டுல மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன்கிறதை மட்டும்தான்!

1990-ல் ஜார்ஜ் மில்லர்ங்கிற மருத்துவக் கல்வியாளர் இதை நாலு படியா அடுக்கினார். ‘தெரியும்’, ‘எப்படின்னு தெரியும்’, ‘செஞ்சு காட்டுவேன்’, ‘நிஜத்துல செய்யறேன்’. நம்ம நாட்டுல 2019-ல் வந்த புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துலயும் ஒவ்வொரு திறமைக்கும் எந்தப் படி வரைக்கும் வரணும்னு போட்டிருக்காங்க. முதல் ரெண்டு படிக்குப் புத்தகம் போதும். மூணாவது, நாலாவதுக்கு? பக்கத்துல ஒருத்தர் நிக்கணும் பாஸ்!

எனக்கு அப்படி நின்னவங்க ஒரு பி.ஜி. அக்கா. நான் ஹவுஸ் சர்ஜன். குழந்தைகள் வார்டு, ராத்திரி ரெண்டு மணி. வயித்துப்போக்குல நீர் வத்தி, கண்ணு உள்ளே போன ஒரு வயசுக் குழந்தை. வென்ஃப்ளான் போடணும். பெரியவங்களுக்கு எத்தனையோ போட்டிருக்கேன். ஆனா இந்தத் தம்மாத்துண்டு கையில நரம்பு எங்கேன்னே தெரியலை. அக்கா நினைச்சா என் கையிலேர்ந்து வாங்கி அரை நிமிஷத்துல போட்டிருக்கலாம். வாங்கலை. “நீயே போடு. நான் இங்கேதான் நிக்கறேன். ரெண்டு தடவைல கிடைக்கலைன்னா நான் எடுத்துக்கறேன்”னாங்க. குழந்தையோட மணிக்கட்டை அவங்களே பிடிச்சுக்கிட்டாங்க. “ஊசியை இன்னும் கொஞ்சம் படுக்க வை... ம், அப்படித்தான்.” ரத்தம் எட்டிப் பார்த்துச்சு. டிரிப்ஸ் ஓட ஆரம்பிச்சதும் கைதட்டலை அவங்க. “எதனால கிடைச்சதுன்னு சொல்லு”ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னை அடுத்த குழந்தைக்குத் தயார் பண்ணுச்சு.

கவனிச்சீங்களா? ‘ரெண்டு தடவை’ங்கிற கணக்கு குழந்தைக்காக. ‘நான் நிக்கறேன்’ங்கிறது எனக்காக. சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, தனியா செய்ய முடியறதுக்கும் துணையோட செய்ய முடியறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, கத்துக்கிறது அங்கேதான் நடக்குதுன்னு சொன்னார். அக்கா வைகாட்ஸ்கி படிச்சாங்களான்னு நான் கேட்டதில்லை!

எல்லாரும் அப்படி இல்லைங்கறதையும் சொல்லணும். வேறொரு யூனிட்டுல ஒரு சார் இருந்தார். தப்பா பதில் சொன்னா நோயாளி முன்னாடியே கிழிப்பார். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த என் நண்பனோட இங்கிலீஷைப் பத்து பேர் நடுவுல பேசிக் காட்டினார். அவன் எங்க எல்லாரையும்விட நல்லாப் படிக்கிறவன். அன்னியோட வாயை மூடிக்கிட்டான். அவனைப் பார்த்து நாங்களும் மூடிக்கிட்டோம். ‘டிசிப்ளின்’னு சார் சந்தோஷப்பட்டார். ஆனா யோசிச்சுப் பாருங்க... வார்டுல சந்தேகத்தைக் கேட்கப் பயப்படற டாக்டர், தெரியாமலே மருந்து எழுதினா யாருக்கு ஆபத்து? கட்டில்ல படுத்திருக்கிறவருக்குத்தானே!

2020-லேர்ந்து தமிழ்நாட்டுல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கு. அப்படி வர்றவங்கள்ல பல பேர் வீட்டுல அவங்கதான் முதல் பட்டதாரி. சீட்டு வாங்கிக் கொடுத்தா வேலை முடிஞ்சுதா? ‘கேஸ் ஷீட் எப்படி எழுதறது?’ன்னு கூச்சமில்லாமக் கேட்க ஒரு ஆள் வேணாமா? இப்போ என்கிட்ட ‘மென்ட்டீ’ன்னு அஞ்சு பேரை ஒப்படைச்சிருக்காங்க. முதல் நாளே அவங்ககிட்ட சொன்னது இதுதான்: “தமிழ்ல கேளுங்க, தப்பாக் கேளுங்க, ஆனா கேளுங்க.”

சரி, நீங்க இன்ஜினீயரிங்கோ, பி.காமோ, எதுவா வேணா இருங்க. உங்களுக்கும் ஒரு ஆள் வேணும். தேடறதுக்குச் சில டிப்ஸ்!

ஹெச்.ஓ.டி.தான் வழிகாட்டணும்னு காத்திருக்காதீங்க. ஒரு வருஷ சீனியர் போதும். அவர் திணறினது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

‘எனக்கு எல்லாம் சொல்லித்தாங்க’ன்னு போய் நிக்காதீங்க. முயற்சி பண்ணிட்டு, ‘இது வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேல புரியலை’ன்னு போங்க. கதவு சட்டுனு திறக்கும்.

‘எப்படிப் பண்ணினேன்?’னு கேட்டா ‘சூப்பர்’ங்கிற பதில்தான் வரும். ‘எதை மாத்தணும்?’னு கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இந்த வாரம் உங்க ஜூனியர் யாராவது லேப்லயோ லைப்ரரியிலயோ முழிச்சிக்கிட்டு நிப்பாங்க. அவங்க கையிலேர்ந்து பிடுங்கி நீங்களே செஞ்சு கொடுத்து ஹீரோ ஆயிடாதீங்க. ‘நீயே செய், நான் நிக்கறேன்’னு சொல்லிட்டு நில்லுங்க. கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கறது கொஞ்சம் கஷ்டம்தான். பழகிடும்!