பிரிண்டருக்கு வந்த மொட்டைக் கடிதம்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மொட்டைக் கடிதம் தெரியும். பெயர், கையெழுத்து எதுவும் இருக்காது. 'இன்னாரை இடைநீக்கம் செய்க' என்று அதில் எழுதியிருந்தால் எந்த எழுத்தரும் உடனே செய்துவிட மாட்டார். கோப்பில் வைத்து மேலே அனுப்புவார். கம்ப்யூட்டருக்கு அந்த விவரம் போதாது என்பது 2024 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளின் பெயர் கப்ஸ். அதன் துணை நிரல் ஒன்று 631-ஆம் எண் வாசலில் காத்திருக்கும். "நான் ஒரு பிரிண்டர், இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று யார் சொன்னாலும், நீ யார் என்று கேட்காமல், அங்கே போய் விவரம் வாங்கி ஒரு கோப்பில் அப்படியே எழுதிக்கொள்ளும். பிரிண்டரைப் பற்றிய விவரம் இருக்க வேண்டிய இடத்தில் திருடன் ஒரு கட்டளையைச் செருகியிருந்தால் அதுவும் கோப்பில் ஏறிவிடும். பிறகு யாராவது அந்தப் போலி பிரிண்டருக்கு ஒரு தாள் அனுப்பினால் போதும், கட்டளை நிறைவேறிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் சிமோனே மார்கரிட்டெல்லி என்ற இத்தாலியர். திருத்தமும் பின்னாலேயே வந்துவிட்டது.

பிரிண்டர்தானே என்று அலட்சியமாக விடக்கூடாது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியில் நடந்தது நினைவிருக்கலாம். அங்கே வேறு வழியில் புகுந்த திருடர்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஸ்விஃப்ட் தகவல்களை அச்சிடும் பிரிண்டரையும் முடக்கினார்கள். தாள் வந்தால்தானே சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்!

நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பெட்டி ஸ்டிக்கர் எல்லாம் பிரிண்டர் வழியாகத்தான் போகின்றன. பல ஆபீஸ்களில் வருகிற ஏஜென்டுக்கும் அதே வைஃபை, பிரிண்டருக்கும் அதே வைஃபை. வெளியாள் வாசலுக்குள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

கம்பெனி நடத்தும் பிள்ளைகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். விருந்தாளிக்குத் தனி வைஃபை இருக்கிறதா? கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் வரும் அப்டேட்டை உடனுக்குடன் போடுகிறார்களா? லினக்ஸ் இருந்தால் அந்த 631-ஆம் வாசல் வெளியாட்களுக்குச் சாத்தியிருக்கிறதா? கம்ப்யூட்டர் பார்க்க வரும் தம்பிக்கு இது அரை மணி நேர வேலை.