வண்டி நிறுத்த ஓர் இடம்

வியாழன் இரவு, போடி

ஆக்லாந்திலிருந்து வந்திருக்கும் தம்பிக்கு இந்த முறை கேரவனில்தான் மலையேற வேண்டுமாம். நியூசிலாந்தின் தென்தீவில் குடும்பத்தோடு அப்படிச் சுற்றிய படங்களை அம்மாவிடம் ஒரு வாரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறான். ஏரிக்கரையில் வண்டி, வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி, கையில் காபி. மதுரையில் ஒருவர் டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டி வாடகைக்கு விடுகிறார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ், கூரைமேல் தண்ணீர் டேங்க்.

அம்மா ஏறிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது சிலிண்டரைப் பற்றித்தான். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், அனுமதியில்லாமல் ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மதுரைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, சிலிண்டரை வெளியே இறக்கி வைத்துத்தான் சமையல் என்று உத்தரவு போட்டுவிட்டார். புரட்டாசி வேறு. கவிச்சி கிடையாது. புளிசாதம் கட்டியாயிற்று.

கேரவன் என்ற பெயர்தான் நமக்குப் புதிது. கார்த்திகை, மார்கழியில் கம்பம் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். பாத்திரம், அரிசி மூட்டை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் வேனில் கட்டிக்கொண்டு, புளியமரத்தடியில் உலை வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குமுளி ஏறுகிற சாமிமார் எத்தனை பேர்! அவர்களிடம் கட்டில் இல்லை, அவ்வளவுதான். சொன்னால் தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான்.

வெள்ளி காலை, முந்தல்

விடிவதற்குள் கிளம்பிவிடலாம் என்றான் தம்பி. டிரைவர் அண்ணன் சிரித்தார். "அது ஜீப்புக நேரம் சார். அவங்க போகட்டும்."

அடிவாரத்தில் டீக்கடை ஓரம் நின்று பார்த்தோம். போடி, தேவாரம் பக்கத்துப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போயின. தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி வரைக்கும் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் பலர் இப்படிக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற தமிழ்ப் பெண்கள்தான். எத்தனை பேரைத் திணித்தார்கள் என்று என் மகன் எண்ணப் பார்த்தான், முடியவில்லை. இந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி வராத வருடம் அபூர்வம்.

ஏழரை மணிக்கு ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி என்பதால் ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கம் முழுதும் ஒதுங்கி, ஹாரன் அடித்து, இரண்டாவது கியரில் திரும்ப வேண்டும். தம்பிக்குப் புலியூத்து அருவி அருகே நிறுத்திச் சாப்பிட ஆசை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், தடுப்புச் சுவரெல்லாம் குரங்கு. மழைக்குக் கல் உருளும் இடம் என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. ஓடுகிற வண்டிக்குள்ளேயே புளிசாதப் பொட்டலம் பிரிந்தது. கீழே தென்னந்தோப்பும், வரப்பு பிரித்த வயலும், போடி ஊரும் சிறுத்துக்கொண்டே போவதைப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

இந்தச் சரிவு அவ்வளவு பசுமை இல்லை. மேற்கே பெய்கிற மழை முகட்டிலேயே தங்கிவிடும். நம் பக்கம் பாறையும் முள்ளும் காய்ந்த புல்லும். வடக்கே தெரிவது குரங்கணி மலை. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது அங்கேதான். அதே மலையில்தான் ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. கொண்டை ஊசி முடிந்ததும் குளிர் முகத்தில் அறைகிறது. போடிமெட்டில் இரு மாநிலச் சோதனைச் சாவடி, பர்மிட் சீட்டு, மலையாளப் பலகை.

வெள்ளி இரவு, மெட்டுக்கு மேலே

நாள் முழுதும் தேடியும் ராத்திரி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் வனத்துறை, மறுபக்கம் தனியார் தோட்டத்து இரும்புக் கேட். ஓரிடத்தில் அகலமான திட்டு கிடைத்து நாற்காலியைக்கூட இறக்கினோம். வழியே போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "இங்க ஆனை வரும் சார்" என்றார். அரிக்கொம்பன் யானையின் பழைய ராஜ்ஜியமான சின்னக்கானல் பக்கம்தான். 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள், அது கம்பம் தெருவுக்குள் இறங்கியது, ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மற்ற யானைகள் இங்கேதானே இருக்கின்றன? நாற்காலி மறுபடி வண்டிக்குள் போனது.

கடைசியில் கைகொடுத்தவர் பெரியப்பா வழிச் சொந்தக்காரர் ஒருவர். அவர் பழகிய, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் முற்றத்தில் வண்டியை விட்டோம்.

வந்தபோது வேலை முடிகிற நேரம். பச்சைக் காயை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலச்செடி ஆளுயரம் வளர்ந்தாலும் காய்ப்பது காலடியில். மண்ணோடு கிடக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சை விட்டுவிட்டு, மாதம் ஒன்று கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். நாள் முழுதும் குனிந்தபடிதான். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. அடுப்புச் சூட்டில் ராத்திரி முழுக்க, பச்சை நிறம் போகாமல் காய வேண்டும், சூடு கொஞ்சம் மீறினாலும் விலை போச்சு. பிறகு தேய்த்துக் காம்பு நீக்கி, சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேலே உள்ளதைத் தனியே பிரித்துப் போடியிலோ புற்றடியிலோ ஏல மையத்துக்கு அனுப்புகிறார்கள். 2019இல் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போனதை ஸ்டோர்க்காரர் இன்னும் ஒரு திருவிழாவைப்போலச் சொல்கிறார்.

ஜீப்புக்குக் காத்திருந்த பெண்கள் கேரவனைச் சுற்றி வந்தார்கள். ஒரு வயதான அம்மா உள்ளே எட்டிப் பார்த்து அம்மாவிடம், "வீட்டயே பேத்து எடுத்துட்டு வந்துட்டீகளாத்தா?" என்றார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். "தெனமும் ரெண்டு தடவ இந்த ரோட்டுல போறோம், ஒரு நாளாச்சும் நிறுத்திப் பாத்ததில்ல" என்று இன்னொருவர் சொல்ல, ஜீப் டிரைவர், "நான் நிறுத்துனா நீ திட்டுவ, சோறாக்கணும்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சனி, மூணாறு

ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், கேப் ரோடு, தேவிகுளம். அகலப்படுத்திய மூணாறு–போடிமெட்டுச் சாலையை 2024 ஜனவரியில் திறந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகிறது. தேயிலைச் சரிவுகளைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. கூட்டம்.

எனக்குப் பிடித்தது கேரள அரசுப் பேருந்துக் கழகத்தின் யோசனை. 2020இல் பழைய பேருந்துகளுக்குள் படுக்கை போட்டு, மூணாறு டிப்போவிலேயே நிறுத்தி, ராத்தங்க வாடகைக்கு விட்டார்கள். ஓடாத கேரவன்! மறு ஆண்டே கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் முதல் பூங்காவும் திறந்தாயிற்று. இடத்தைக் கட்டிய பிறகு வண்டியைக் கூப்பிடுவதுதான் முறை. நம் பக்கம் வண்டிகள் வந்துவிட்டன, இடம் இன்னும் வரவில்லை.

ஞாயிறு, இறக்கம்

அழுக்குத் தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டது. நியூசிலாந்தில் ஊருக்கு ஊர் அதை ஊற்றுவதற்கென்றே இடம் உண்டு, கழிப்பறைச் சான்று இல்லாத வண்டி கண்ட இடத்தில் ராத்தங்க முடியாது என்றான் தம்பி. இங்கே டிரைவர் குழாயைத் திறக்கப் போனார். ஓடையைக் காட்டித் தடுத்தேன். அந்த ஓடை போய்ச் சேர்வது போடிக்காரர்களின் கிணற்றுக்கு. போடிவரை சுமந்துவந்து, பெரியம்மா வீட்டுச் சாக்கடையில் கொட்டினோம். நாறியது. பெரியம்மா எங்களோடு பேசவில்லை, வண்டியோடுதான் பேசினார், அதையும் இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை மெட்டுக்கு ஜீப் போதும், ஸ்டோர் முற்றத்தில் படுத்துக்கொள்வோம் என்கிறார் அம்மா. தம்பி அதற்குள் ஸ்டோர்க்காரருக்குப் போன் போட்டு, முற்றத்தில் ஒரு கழிவுநீர்த் தொட்டி கட்ட என்ன செலவாகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.